மாரடைப்புச் செய்திகளும் மைசூரு மருத்துவமனை வரிசையும்: அபாயச் செய்திகள் மக்களின் தற்காப்பை எவ்வாறு மாற்றுகின்றன?

கடந்த 2025 ஜூலை மாதத் தொடக்கத்தில், மைசூரு கேஆர்எஸ் சாலையில் உள்ள ஜெயதேவா இதய நோய் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் விடியற்காலை முதலே நீண்ட வரிசை காணப்பட்டது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாத இளைஞர்களும் நடுத்தர வயதினரும், தங்கள் இதயம் நன்றாக இருக்கிறதா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வந்திருந்தனர். அவர்களை அங்கே வரவழைத்தது உடலில் தோன்றிய அறிகுறி அன்று; அண்டை மாவட்டமான ஹாசனிலிருந்து நாள்தோறும் வந்த மரணச் செய்திகளே.

ஒரு நோயையோ பேரிடரையோ பற்றிய செய்தி, மக்களை எப்போது பாதுகாப்பை நோக்கி நகர்த்துகிறது, எப்போது வீண் பதற்றத்தில் தள்ளுகிறது என்ற கேள்வியை உலகெங்கும் ஆய்வாளர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். அதற்கு அண்மைக் காலத்தில் கிடைத்த தெளிவான எடுத்துக்காட்டுகளில் ஹாசன்–மைசூரு நிகழ்வும் ஒன்று.

ஹாசனில் நடந்தது என்ன?

2025 மே, ஜூன் மாதங்களில் ஹாசன் மாவட்டத்தில் இளம் வயதினர் சிலர் திடீரென உயிரிழந்தனர். ஒவ்வொரு மரணமும் தனிச் செய்தியாக வெளிவந்தது. பின்னர் அவை ஒன்றாக எண்ணப்பட்டு, ‘40 நாள்களில் 20க்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் பலி’ என்ற தொடர் செய்தியாக மாறின. தொலைக்காட்சிகளும் சமூக ஊடகங்களும் எண்ணிக்கையை நாள்தோறும் கூட்டிக் காட்டின.

ஜூலை முதல் நாளில் கர்நாடக முதல்வர் சித்தராமையா, கொரோனா தடுப்பூசிக்கு அவசர கதியில் அளிக்கப்பட்ட ஒப்புதலும் இம்மரணங்களுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று சமூக ஊடகப் பதிவில் குறிப்பிட்டார். மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் அதை மறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் மேற்கொண்ட ஆய்வுகளில், தடுப்பூசிக்கும் இளம் வயது திடீர் மரணங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று விளக்கமளித்தது. மரணங்களை ஆராய, ஜெயதேவா மருத்துவமனையின் இயக்குநர் கே.எஸ்.ரவீந்திரநாத் தலைமையில் நிபுணர் குழுவை மாநில அரசு அமைத்தது.

ஜூலை 10ஆம் தேதி வாக்கில் வெளியான அக்குழுவின் அறிக்கை, செய்திகள் எழுப்பிய சித்திரத்தைப் பெருமளவு மாற்றியது. ஆராயப்பட்ட 24 மரணங்களில் நான்குக்கு இதய நோய் காரணமே அன்று. விபத்து, சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இருந்தன. எஞ்சிய 20 மரணங்கள் இதயம் சார்ந்தவை என உறுதியானவை அல்லது அவ்வாறு கருதத்தக்கவை. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், மதுப்பழக்கம், உடல் பருமன், குடும்ப வரலாறு ஆகிய பழகிய காரணிகளே பலரிடம் காணப்பட்டன. ஹாசனில் இதய மரணங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகிவிட்டதாகக் கூறச் சான்று இல்லை என்பதே குழுவின் முடிவு.

எண்ணிக்கையும் பின்னணியும்

‘40 நாள்களில் 20 மரணங்கள்’ என்ற தொடர் தனியே நிற்கும்போது அச்சமூட்டுகிறது. ஆனால் எவ்வளவு பேரில் 20, வழக்கமாக எத்தனை என்ற இரு கேள்விகளுக்கு விடை இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹாசன் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 17.76 லட்சம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 6 மரணங்கள் என்ற குறைந்த விகிதத்தை வைத்துக்கொண்டாலும், எல்லா வயதினரையும் சேர்த்து அம்மாவட்டத்தில் நாளொன்றுக்கு 29 பேர், 40 நாள்களில் ஏறத்தாழ 1,170 பேர் உயிரிழப்பது இயல்பு. இந்தியாவில் நிகழும் மரணங்களில் இதய, ரத்தநாள நோய்களின் பங்கு ஏறத்தாழ 31 சதவீதம் என்று தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2021–23ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு அறிக்கை கூறுகிறது. அந்த விகிதத்தைப் பொருத்தினால், எந்தப் புதிய அபாயமும் இல்லாத 40 நாள்களிலேயே 350க்கும் மேற்பட்டோர் இந்நோய்களால் இறந்திருப்பர். இவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். இருப்பினும் ஒரு சிறு பகுதி இளம் வயதினராக இருப்பதும் எதிர்பார்க்கத்தக்கதே.

இது தோராயக் கணக்கு மட்டுமே. இளம் வயது மரணங்கள் கவலைக்குரியவை அல்ல என்று இதற்குப் பொருள் இல்லை. மேலை நாட்டவரைவிட இந்தியர்களுக்கு இதய நோய் பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை இதய நோய் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். நாள்தோறும் நடந்துகொண்டிருந்த ஒன்று, செய்தியில் வரிசையாக அடுக்கப்பட்டபோது, புதிதாக வெடித்த தொற்றைப் போலத் தோற்றமளித்தது என்பதே கவனிக்க வேண்டியது.

நினைவில் நிற்பதே அபாயமாகத் தோன்றும்

இத்தோற்றத்துக்கான விளக்கத்தை உளவியலாளர்கள் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973ஆம் ஆண்டிலேயே முன்வைத்தனர். ஒரு நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை மனிதர்கள் எண்ணிப் பார்த்து முடிவுசெய்வதில்லை. அதற்கான எடுத்துக்காட்டு எவ்வளவு எளிதில் நினைவுக்கு வருகிறது என்பதை வைத்தே மதிப்பிடுகின்றனர். நேற்று இரவு பார்த்த காணொளி, நூறு பக்கப் புள்ளிவிவரத்தைவிட முன்னே வந்து நிற்கும்.

செய்தித்தாள்களில் எந்த வகை மரணங்கள் இடம்பெறுகின்றன என்பதை பார்பரா கோம்ஸ், பால் ஸ்லோவிக் ஆகிய ஆய்வாளர்கள் 1979இல் அமெரிக்காவின் இரு நாளிதழ்களை வைத்து ஆராய்ந்தனர். கொலை, விபத்து போன்றவை மிகையாகவும், பெருந்தொகையானோரைக் கொல்லும் நோய்கள் மிகக் குறைவாகவும் செய்தியாகியிருந்தன. எவற்றால் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்பது குறித்த பொதுமக்களின் தவறான மதிப்பீடும் ஏறத்தாழ அதே திசையில் சாய்ந்திருந்தது.

புதியது, கண்ணுக்குத் தெரியாதது, தன் கட்டுப்பாட்டில் இல்லாதது ஆகிய இயல்புகள் கொண்ட அபாயத்துக்கு மக்கள் கூடுதலாக அஞ்சுவர் என்று ஸ்லோவிக் 1987இல் எழுதினார். உடற்பயிற்சிக்கூடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ சரிந்து விழும் இளைஞர் பற்றிய செய்தியில் இவ்வியல்புகள் அனைத்தும் உள்ளன. இருபது ஆண்டுகளாக மெல்லப் படியும் கொழுப்பில் இவை அனைத்தும் இல்லை.

அச்சம் மட்டும் போதாது

அபாயம் பற்றி அறிந்தவுடன் மக்கள் தங்களைக் காத்துக்கொள்வர் என்ற எண்ணம் பாதி உண்மையே. அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் ரோஜர்ஸ் 1975இல் முன்வைத்துப் பின்னர் விரிவாக்கிய கோட்பாட்டின்படி, தற்காப்பு நடவடிக்கைக்கு நான்கு நம்பிக்கைகள் சேர வேண்டும். அபாயம் கடுமையானது, அது தன்னையும் தாக்கக்கூடும், பரிந்துரைக்கப்படும் செயல் பயன் தரும், அச்செயலைத் தன்னால் செய்ய முடியும் என்பவையே அவை.

முதல் இரண்டை மட்டும் ஊட்டி, பின் இரண்டை விட்டுவிடும் செய்தி எங்கே கொண்டு செல்லும் என்பதை கிம் விட்டே 1992இல் விளக்கினார். செய்வதற்கு ஏதுமில்லை என்று உணர்பவர்கள் அபாயத்தைக் கட்டுப்படுத்துவதை விட்டு, அச்சத்தைக் கட்டுப்படுத்த முயல்வர். செய்தியையே மறுப்பது, விதி என்று விட்டுவிடுவது, சதி என நம்புவது, மனநிறைவு தரும் ஏதாவது ஒரு செயலை உடனே செய்து முடிப்பது ஆகியவை இதன் வடிவங்கள்.

மைசூரு வரிசையில் நின்ற பலருக்கு இசிஜி பரிசோதனை அத்தகைய செயலாக அமைந்தது. ஓய்வு நிலையில் எடுக்கப்படும் இசிஜி, அந்த நேரத்தில் இதயத்தின் மின் இயக்கத்தைக் காட்டும். இதய ரத்தநாளத்தில் அடைப்பு உருவாகிவருவதை அது பெரும்பாலும் காட்டாது. நாளை மாரடைப்பு வராது என்ற உறுதியையும் தராது. அறிக்கை இயல்பாக இருக்கிறது என்ற நிம்மதியுடன் வீடு திரும்புபவர், புகைப்பழக்கத்தையும் அளக்கப்படாத ரத்த அழுத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டால், செய்தி ஏற்படுத்திய விழிப்புணர்வு அந்தத் தாளோடு முடிந்துவிடும்.

மறுபுறம், மைசூரு ஜெயதேவா மருத்துவமனை மைசூருக்கு மட்டுமன்றி மண்டியா, சாமராஜநகர், குடகு, ஹாசன் மாவட்ட மக்களுக்கும் உயர் சிகிச்சை மையமாக உள்ளது. நலமுள்ளோர் பெருமளவில் திரண்டதால், ஏற்கெனவே சிகிச்சையில் உள்ள நோயாளிகளும் அவசர நிலையில் வருவோரும் நெரிசலில் சிக்கும் சூழல் உருவானது. பதற வேண்டாம் என்றும், அறிகுறி இல்லாதவர்கள் அருகிலுள்ள மருத்துவமனைகளிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம் என்றும் மருத்துவர்கள் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர்.

நட்சத்திரங்களின் மரணமும் நோயும்

கர்நாடகத்துக்கு இது முதல் அனுபவம் அன்று. 2021 அக்டோபர் 29ஆம் தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் காலமானார். உடற்தகுதிக்குப் பெயர்பெற்றவரின் மரணம் என்பதால் அதிர்ச்சி பன்மடங்கானது. அடுத்த நாள்களில் பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்கு வருவோர் கூட்டம் கூடியது.

அதே மரணம் மற்றொரு விளைவையும் ஏற்படுத்தியது. 2006இல் காலமான தந்தை ராஜ்குமாரைப் போலவே புனித்தின் கண்களும் தானம் செய்யப்பட்டன. அவற்றால் நால்வர் பார்வை பெற்றனர். இச்செய்தி பரவியபின் கண்தான உறுதிமொழி அளிக்க மாநிலமெங்கும் மக்கள் முன்வந்தனர். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகவும், எவராலும் செய்யக்கூடியதாகவும் இருந்ததால் உணர்ச்சி செயலாக மாறியது. மாரடைப்புக்கான அவசர சிகிச்சையைத் தாலுகா மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2023இல் அவர் பெயரையே சூட்டியது.

ஆஸ்திரேலியாவில் 2005 மே மாதம் பாடகி கைலி மினோக்குக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட செய்திக்குப் பின், இரண்டு வாரங்களில் மார்பகப் பரிசோதனைக்கான முன்பதிவு 40 சதவீதம் உயர்ந்தது. அரசின் பரிசோதனைத் திட்டம் பல ஆண்டு பிரசாரத்தால் எட்டாதவர்களைச் செய்தி எட்டியது. எனினும், நோய் வாய்ப்பு மிகக் குறைவான இளம் பெண்களிடையே பரிசோதனை பெருகியபோது, அதற்கேற்பப் புற்றுநோய் கண்டறிதல் உயரவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அச்சம் கொள்பவரும் உண்மையில் அபாயத்தில் இருப்பவரும் எப்போதும் ஒருவரே அல்லர்.

செய்தி தடுப்பைத் தடுக்கும்போது

அச்சம் தவறான காரணத்தின் மீது படியும்போது, பாதுகாப்புக்கான வழியையே மக்கள் விலக்கிவிடும் ஆபத்து உண்டு. தமிழகம் இதை 2021இல் கண்டது. நடிகர் விவேக், அந்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டு, பிறரையும் செலுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17ஆம் தேதி காலமானார். மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் கூறியும் தயக்கம் பரவியது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் பின்னர் தொடர்பில்லை என்றே அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில்தான் இரண்டாம் அலை தமிழகத்தைக் கடுமையாகத் தாக்கியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இந்தக் கேள்விக்கு ஆய்வு வழியே விடை தேடியது. 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் உள்ள 47 மருத்துவமனைகள் வாயிலாக, 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் காரணம் அறியப்படாத திடீர் மரணங்கள் ஆராயப்பட்டன. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. கொரோனாவால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டது, குடும்பத்தில் திடீர் மரண வரலாறு, மரணத்துக்கு 48 மணி நேரத்துக்குள் அளவுமீறி மது அருந்தியது அல்லது கடும் உடலுழைப்பில் ஈடுபட்டது ஆகியவையே அபாயத்தைக் கூட்டின. 2023இல் வெளியான இம்முடிவு, 2025இல் ஹாசன் செய்திகள் பரவியபோது சந்தேகங்களைப் போல வேகமாகப் பரவவில்லை.

எண்ணைச் சொல்லும் முறையும் உயிர்களைப் பாதிக்கும். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. உண்மையில் அது 7,000 பேரில் ஒருவர் என்பதிலிருந்து இருவர் என்ற உயர்வு. ‘இரு மடங்கு’ என்ற சொல்லைக் கேட்டுப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. கருவுறுதலும் கருக்கலைப்பும் ரத்தக்கட்டு அபாயத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாகக் கூட்டக்கூடியவை.

சூரத்தில் 1994 செப்டம்பரில் பரவிய பிளேக் நோய் பற்றிய செய்திகள் லட்சக்கணக்கானோரை ரயிலிலும் பேருந்திலும் நகரைவிட்டு வெளியேற்றின. டெட்ராசைக்ளின் மாத்திரைகள் கடைகளில் தீர்ந்துபோயின. தொற்று இருந்திருந்தால் அதை நாடெங்கும் கொண்டுசென்றிருக்கக்கூடிய செயலே, அன்று தற்காப்பாகத் தோன்றியது.

சிறுத்தைச் செய்தி சொல்லும் பாடம்

செய்தி மக்களைக் காத்த எடுத்துக்காட்டும் மைசூரு மாவட்டத்திலேயே உள்ளது. 2022 அக்டோபர் இறுதி முதல் 2023 ஜனவரி வரை டி.நரசிபுரா தாலுகாவில் சிறுத்தை தாக்கி நால்வர் உயிரிழந்தனர். மாவட்டம் முழுவதையும் கணக்கில் கொண்டால் இந்த எண்ணிக்கை சிறிது. ஆயினும் அந்த அபாயம் குறிப்பிட்ட சில ஊர்களில், பெரும்பாலும் இருட்டும் நேரத்தில், கரும்புத் தோட்டங்களையும் புதர்களையும் ஒட்டி மையம் கொண்டிருந்தது. எங்கே, எப்போது, என்ன செய்யக் கூடாது என்று செய்தி சொன்னபோது அதைப் பின்பற்ற முடிந்தது. மாலைக்குப்பின் தனியே வெளியே செல்வதை மக்கள் தவிர்த்தனர். அரசும் சிறுத்தைகளுக்கெனத் தனிப்படை அமைத்தது.

2024 டிசம்பர் 31ஆம் தேதி அதிகாலை மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் சிறுத்தை நடமாட்டம் பதிவானபோது, ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணியாற்றுமாறு அன்றே அறிவுறுத்தப்பட்டனர். வனத்துறை பல நாள் தேடியும் சிறுத்தை சிக்கவில்லை. எவருக்கும் காயம் இல்லை.

ஹாசன் மரணச் செய்திகளில் இல்லாதது இந்தத் தெளிவுதான். யாருக்கு அபாயம் அதிகம், எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும், எங்கே செல்ல வேண்டும் என்ற வரிகள், மரண எண்ணிக்கையைத் தாங்கிய தலைப்புக்குக் கீழே பெரும்பாலும் இடம்பெறவில்லை.

விளைந்த நன்மைகள்

செய்தி அலையால் விளைந்தது பதற்றம் மட்டுமே என்று கூறுவதும் சரியாகாது. நிபுணர் குழு அறிக்கையைத் தொடர்ந்து, மருத்துவமனைக்கு வெளியே நிகழும் திடீர் மரணங்களை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவையாக வகைப்படுத்தவும், காரணம் தெரியாத இளம் வயது மரணங்களில் உடற்கூறாய்வு மேற்கொள்ளவும் கர்நாடக அரசு முடிவெடுத்தது. இறந்தவர்களில் ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்கள் கணிசமாக இருந்ததை சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் சுட்டிக்காட்டினார். நீண்ட நேரம் அமர்ந்தே பணியாற்றும் இப்பிரிவினரின் உடல்நலம் பொதுவெளியில் பேசப்பட்டது இதன்பின்னரே.

ஆனால் செய்தியால் எழும் தற்காப்பு உணர்வு சில வாரங்களில் தணிந்துவிடும் இயல்புடையது. அடுத்த செய்தி வந்ததும் முந்தையது பின்தள்ளப்படும். உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட வேண்டியவை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல, வீட்டுக்கே சென்று அளந்து மருந்து வழங்கும் ஏற்பாடுகள் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கின்றன.

வாசகர் கவனிக்க வேண்டியவை

அபாயச் செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகள் உதவும். சொல்லப்படும் எண்ணிக்கை எவ்வளவு பேரில், எவ்வளவு காலத்தில்? வழக்கமான அளவு என்ன? மரணக் காரணம் உடற்கூறாய்வில் உறுதியானதா, உறவினரோ அண்டை அயலாரோ கூறியதா? ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை, ஒன்றால் மற்றொன்று விளைந்தவைதாமா?

இதயத்தைப் பொறுத்தவரை, அறிகுறி இல்லாதோர் முதலில் அறிய வேண்டியவை ரத்த அழுத்தம், ரத்த சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் அளவுகளே. இவற்றை அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளிலேயே அளந்துகொள்ளலாம். பெற்றோரோ உடன்பிறந்தோரோ இளம் வயதில் இதய நோயால் பாதிக்கப்பட்டிருந்தால், மேற்கொண்டு என்ன பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுத் தொல்லை என்று காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் வலி தெளிவாக இல்லாமல், மிகுந்த சோர்வு, குமட்டலாக மட்டும் வெளிப்படலாம். அடைப்பு ஏற்பட்டு நேரம் கடக்கக் கடக்க இதயத் தசை அழிந்துகொண்டே போகும் என்பதால், 108 ஆம்புலன்ஸை அழைத்து, இசிஜி வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனையை அடைவதே முதல் பணி. தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையைத் தேடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் புனித் ராஜ்குமார் ஹிருதய ஜோதி திட்டத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, திட்டத்தில் சேர்ந்த தாலுகா மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செலுத்தப்படுகிறது. தமிழகத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கப்பட்டு, நோயாளி உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.